விருந்துக்கு எந்த வைன்?

இடம்பெயர்ந்து வாழ்ந்தாலும் கலியாணமும் பெருநாளும் வரத்தான் செய்யும். அவ்வேளையில் வைன் வாங்குவோர் விலையோடு மூன்று காரியங்களையும் பார்ப்பது நன்று.

முதலாவது, போத்தல். 750 மில்லிலீற்றர் கொள்ளும் கண்ணாடிப் போத்தல் ஏறக்குறைய 500 கிராம் நிறையுடையது. பகட்டுக்காகச் செய்பவை 900 கிராமையும் எட்டும். கண்ணாடியை உருக்க ஏறத்தாழ 1500 பாகை வெப்பம் வேண்டும். அதற்கு எவ்வளவு எரிபொருள்! ஆகவே பாரம் குறைந்ததையே தெரிவு செய்யுங்கள். வெறும் போத்தலை எறியாது கழுவிப் பாவியுங்கள்.

இரண்டாவது, தூரம். ஐரோப்பிய வைன் பல்லாயிரம் கிலோமீற்றர் கடந்து வருகிறது. யாழ்ப்பாணத்திலும் முந்திரிகை விளைகிறது. அப்பழத்தில் செய்த வைனை வாங்கினால் காசும் நமது தோட்டக்காரரிடமே தங்கும்.

மூன்றாவது, மருந்து. முந்திரிகைக்குப் பங்கசு நோய் இலகுவில் வரும். அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையை அடிப்பார்கள். பிரான்சில் 1885இல் அறிவிக்கப்பட்ட இக்கலவையைச் சேதன விவசாயத்திலும் பல நாடுகள் அளவோடு அனுமதிக்கின்றன. ஆனால் அதிலுள்ள செப்பு அழிவதில்லை. ஆண்டுதோறும் மண்ணில் சேர்ந்து மண்புழுக்களைக் கெடுக்கும். எனவே 'சேதன' என்ற சீட்டோடு நின்றுவிடாது, எத்தனை தடவை மருந்தடித்தீர்கள் என்று தோட்டக்காரரையே கேளுங்கள்.

நாளை நாம் நமது காணிக்குத் திரும்பிப் பந்தல் போடும்போது, இதே கேள்வியை நம்மிடமும் கேட்பார்கள்.