நெல் விளைந்த கடற்கரையில் குழந்தைகளுடன் ஒரு கார்ப் பயணம்

சார்லஸ்டன் முதல் சவானா வரை: பெற்றோர் திட்டமிட வேண்டியது என்ன?

குழந்தைகளுக்குக் கடல் பிடிக்கும். படகு பிடிக்கும். கோட்டை, பீரங்கி, கலங்கரை விளக்கம் என்றால் கேட்கவே வேண்டாம்!

இவை எல்லாம் ஒரே வழியில் கிடைக்கும் இடம் அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. சவுத் கரோலினா மாநிலத்தில் உள்ள சார்லஸ்டன் நகரில் தொடங்கி, ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள சவானா நகரில் முடியும் வழி அது. தூரம் சுமார் 110 மைல். நிற்காமல் போனால் காரில் இரண்டு மணி நேரம்தான்.

ஆனால், அது நிற்காமல் போகிற வழி அல்ல. நின்று நின்று பார்க்க வேண்டிய வழி. வழி நெடுகிலும் கதைகள் இருக்கின்றன. சில கதைகள் குழந்தைகளைத் துள்ளிக் குதிக்க வைக்கும். சில கதைகளைச் சொல்லப் பெற்றோரே தயங்குவார்கள். காரணம், இந்தக் கடற்கரையின் அழகும் செல்வமும் அடிமைகளின் உழைப்பால் வந்தவை.

அட்லாண்டா, சார்லட் போன்ற நகரங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கிருந்து நான்கு மணி நேரத்தில் இந்தக் கடற்கரைக்கு வந்துவிடலாம். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து போகும் தாத்தா பாட்டியும் உடன் வரலாம். நெல்லைப் பற்றித் தெரிந்தவர்கள் ஆயிற்றே! இந்தப் பயணத்தில் அவர்களுக்குத்தான் வேலை அதிகம்.

எப்போது போகலாம்?

மார்ச் முதல் மே வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பர் மாதங்களும் நல்லவை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். அதிலும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் புயல் பயம் அதிகம். கோடையில் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். சதுப்பு நிலம் ஆகையால் கொசுக்கடியும் உண்டு.

ஐந்து நாள் ஒதுக்கினால் அவசரம் இல்லாமல் பார்க்கலாம். சார்லஸ்டனில் இரண்டு நாள். நடுவழியில் ஒரு நாள். சவானாவில் இரண்டு நாள்.

ஒரு விதியை மட்டும் மறக்கக் கூடாது. காலையில் மனதைத் தொடும் இடம் ஒன்று. மாலையில் ஓடி விளையாடும் இடம் ஒன்று. ஒரே நாளில் மூன்று அருங்காட்சியகங்களைக் காட்டினால், குழந்தைக்கு மூன்றுமே நினைவில் நிற்காது.

சார்லஸ்டன்

சார்லஸ்டன் 1670-ம் ஆண்டில் ஏற்பட்ட குடியேற்றம். வண்ண வண்ண வீடுகளும், கல் பாவிய தெருக்களும், குதிரை வண்டிகளும் நிறைந்த நகரம். ஆப்பிரிக்காவிலிருந்து வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளில் பெரும் பகுதியினர் இந்தத் துறைமுகத்தில்தான் இறக்கப்பட்டார்கள்.

அவர்களை இறக்கிய படகுத் துறைகளில் ஒன்று காட்ஸ்டன் துறை. அதே இடத்தில் 2023-ம் ஆண்டு சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்த மண்ணை மிதிக்காமல் மரியாதை செய்வதுபோல, கட்டிடம் தூண்கள் மேல் உயர்ந்து நிற்கிறது. அடியில் ஆழம் இல்லாத ஒரு நீர்த்தளம். அதன் தரையில், கப்பலில் நெருக்கிப் படுக்க வைக்கப்பட்ட மனிதர்களின் உருவங்கள். தண்ணீர் வடியும்போது அவை தெரியும். நிரம்பும்போது மறையும்.

உள்ளே போகும் முன்பே குழந்தையிடம் பேசிவிடுவது நல்லது. “மனிதர்களை மனிதர்கள் விலைக்கு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அது தவறு. அதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் பார்க்கப் போகிறோம்.” ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு இவ்வளவு போதும். மீதியைக் குழந்தையே கேட்கும்.

நகரத்தின் பழைய செங்கல் சுவர்களையும் உற்றுப் பார்க்க வேண்டும். சில செங்கற்களில் சிறு விரல்கள் பதிந்த தடம் இருக்கிறது. ஈரம் காயாத செங்கல்லைத் தூக்கிய அடிமைச் சிறுவர்களின் விரல்கள் அவை! குழந்தை தன் விரலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அதற்கு மேல் எந்த விளக்கமும் தேவை இல்லை.

மாலையில் படகில் ஏறிச் சம்டர் கோட்டைக்குப் போகலாம். 1861-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி இந்தக் கோட்டை மீது பாய்ந்த குண்டுகளோடுதான் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. அந்தக் கோட்டையைப் பார்த்தபடி, ஓர் அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

கப்பலோடு தப்பிய அப்பா

அவர் பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ். 1839-ல் பியூபர்ட் என்ற ஊரில் அடிமையாகப் பிறந்தவர். சார்லஸ்டன் துறைமுகத்தில் ‘பிளான்டர்’ என்ற கப்பலை ஓட்டும் வேலை அவருக்கு. கப்பல் தென் மாநிலப் படையின் பணியில் இருந்தது. ஓட்டும் மனிதர் முதலாளிக்குச் சொந்தம்!

மனைவி, மகளை விலை கொடுத்து மீட்க அவர் ஆசைப்பட்டார். கேட்ட விலை 800 டாலர். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்? குடும்பத்தைப் பிரித்து விற்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவரை வாட்டியது.

1862-ம் ஆண்டு மே 13-ந் தேதி. விடிவதற்கு முன்பு நல்ல இருட்டு. வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கப் போய்விட்டார்கள். ஸ்மால்ஸ் கப்பலைக் கிளப்பினார். வேறொரு துறையில் காத்திருந்த மனைவியையும் பிள்ளைகளையும், மற்றத் தோழர்களின் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். சம்டர் கோட்டையைக் கடக்கும்போது, வழக்கமான ஊதல் ஒலியைச் சரியாகக் கொடுத்தார். காவலர்கள் கேப்டன் என்று நினைத்து வழிவிட்டார்கள்!

கடலில் நின்ற வட மாநிலப் போர்க் கப்பலை நெருங்கியதும், கொடிக்குப் பதில் வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். பொழுது விடிந்தபோது அவர்கள் அடிமைகள் அல்ல. ஸ்மால்சுக்கு அப்போது வயது 23.

பிறகு என்ன ஆனார்? அதை இங்கே சொல்லிவிடக் கூடாது. மீதிக் கதை பியூபர்ட்டில் இருக்கிறது. அடுத்த நாள் காரில் “எப்போது போய்ச் சேருவோம்?” என்று குழந்தை நச்சரிக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

நெல் வயல்களின் ஊடே

மூன்றாம் நாள், சார்லஸ்டனிலிருந்து 17-ம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே போக வேண்டும். சாலையின் இருபுறமும் நாணலும் நீரும். பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். இயற்கையான சதுப்பு நிலம் என்றுதான் தோன்றும். அதில் ஒரு பகுதி பழைய நெல் வயல்!

தாத்தா பாட்டி பேச வேண்டிய இடம் இதுதான். இங்கே விளைந்த ‘கரோலினா தங்கம்’ என்ற நெல் உலகச் சந்தையில் பெயர் பெற்றது. கடலில் ஏற்றம் வரும்போது ஆற்றின் நல்ல தண்ணீர் மேலே தள்ளப்படும். அப்போது மர மதகைத் திறந்தால் வயலில் நீர் பாயும். வற்றம் வரும்போது திறந்தால் நீர் வடியும். கடலின் மூச்சை வைத்தே பாசனம்! இதற்காகக் காட்டை வெட்டி, கரை எழுப்பி, வாய்க்கால் தோண்டியவர்கள் அடிமைகள். மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் பயிரிட்ட அனுபவத்தைக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. விளைந்ததை உரலில் போட்டு உலக்கையால் குத்தினார்கள். புல்லால் பின்னிய அகன்ற தட்டில் புடைத்தார்கள். நம் வீட்டு முறம் செய்யும் வேலைதான்.

அந்தப் பின்னல் கலை இன்றும் அழியவில்லை. சார்லஸ்டன் சந்தையிலும், அருகில் உள்ள மவுன்ட் பிளசன்ட் ஊரின் சாலை ஓரத்திலும் பெண்கள் உட்கார்ந்து இனிப்புப் புல் கூடை பின்னுகிறார்கள். விலை அதிகம்தான். ஒரு கூடைக்குப் பல மணி நேர உழைப்பு. பேரம் பேசாமல் ஒரு சிறு கூடை வாங்கினால், அதுவே நல்ல பயண நினைவுப் பொருள்.

இவர்கள் கல்லா-கீச்சி மக்கள். அடிமைகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஆப்பிரிக்க மொழிகளும் ஆங்கிலமும் கலந்த தனி மொழி பேசுகிறார்கள். இவர்கள் சமையலைக் கேட்டால் நமக்கு ஆச்சரியமாக இருக்கும். சோறு, வெண்டைக்காய், எள், தட்டைப்பயறு! பயறும் அரிசியும் சேர்த்துச் சமைத்த சோற்றைப் புத்தாண்டு அன்று சாப்பிட்டால் அதிர்ஷ்டம் என்பது அந்த வட்டாரத்து நம்பிக்கை.

வழியில் கோம்பாகி ஆறு வரும். பாலத்துக்கு ஹாரியட் டப்மன் என்ற பெண்மணியின் பெயர். அவரும் அடிமையாகப் பிறந்து தப்பியவர். 1863-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி வட மாநிலப் படையோடு இந்த ஆற்றில் வந்து, 700-க்கும் அதிகமான அடிமைகளை மீட்டார்.

பியூபர்ட்டும் தீவுப் பள்ளிக்கூடமும்

பியூபர்ட்டில் பிரின்ஸ் தெருவில் ஒரு பெரிய வீடு. அதன் வாசலில் மீதிக் கதையைச் சொல்லலாம். ஸ்மால்ஸ் எந்த முதலாளிக்கு அடிமையாக இருந்தாரோ, அதே முதலாளியின் வீடு இது. போர்க் காலத்தில் வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் எடுத்தவர் ஸ்மால்ஸ்! வயதான முதலாளி அம்மாள் பிற்காலத்தில் வழி தெரியாமல் அந்த வீட்டுக்கே வந்தபோது, அவரை வரவேற்றுத் தங்க வைத்தார் என்றும் சொல்வார்கள். விடுதலைக்குப் பிறகு எழுத்துக் கற்றுக்கொண்ட அவர், அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கே உறுப்பினராகப் போனார்.

அங்கிருந்து சில மைல் தூரத்தில் செயின்ட் ஹெலினா தீவு. 1862-ல் தொடங்கிய பென் பள்ளிக்கூடம் இங்கே இருக்கிறது. அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதைச் சவுத் கரோலினாவின் சட்டம் தடுத்திருந்தது. முதலாளிகள் போருக்கு அஞ்சி ஓடியதும் பள்ளிக்கூடம் வந்தது. குழந்தைகளோடு பெரியவர்களும் வந்து எழுத்துக் கூட்டினார்கள். எதிரே செங்கல் தேவாலயம். 1855-ல் அடிமைகள் கட்டியது. கட்டியவர்களுக்கு அப்போது மாடியில்தான் இடம். பின்னர் அதே தேவாலயத்தில் அவர்களுக்குப் பாடம் நடந்தது.

100 ஆண்டு கழித்து, மார்ட்டின் லூதர் கிங் இந்தத் தீவுக்கு வந்து தங்கித் தோழர்களோடு ஆலோசனை செய்தார். காந்தியின் வழியைப் போற்றி 1959-ல் இந்தியா வந்து, கன்னியாகுமரி வரை போன அதே கிங்தான்.

இங்கே பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்விக்குப் பெற்றோர் தயாராக இருக்க வேண்டும். “நம் ஊரில் அடிமைகள் இருந்தார்களா?” இருந்தார்கள். நெல் விளைந்த நம் மண்ணிலும் பண்ணையடிமைகள் இருந்தார்கள். 1843-ல் சட்டம் வந்த பிறகும் அந்த நிலை உடனே மாறவில்லை. இதை மறைக்காமல் சொல்லும் பெற்றோரின் பேச்சைத்தான் பிள்ளை நம்பும்.

சவானா

கடைசி இரண்டு நாளும் சற்று இளைப்பாறலாம். 1733-ல் ஓகல்தார்ப் என்பவர் திட்டமிட்டு அமைத்த நகரம் சவானா. தெருக்களின் நடுவே சதுரப் பூங்காக்கள். இன்று 22 இருக்கின்றன. பெரிய ஓக் மரங்களின் கிளைகளில் சடைசடையாகப் பாசி தொங்கும். ஒவ்வொரு பூங்காவையும் எண்ணிக்கொண்டே நடக்கச் சொன்னால் குழந்தைகளுக்குக் கால் வலி தெரியாது.

இந்தக் குடியேற்றத்தில் முதலில் அடிமை முறைக்குத் தடை இருந்தது. 1751-ல் அந்தத் தடை போய்விட்டது. லாபம் வென்றது. வளர்ந்த பிள்ளைகளோடு பேச வேண்டிய விஷயம் இது.

பெண் குழந்தைகளுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்கச் சாரணியர் இயக்கம் 1912-ல் இந்த ஊரில்தான் பிறந்தது. தொடங்கியவர் ஜூலியட் கார்டன் லோ.

புலாஸ்கி கோட்டையின் சுவரில் 1862-ல் பாய்ந்த பீரங்கிக் குண்டுகளின் காயத்தை இன்றும் பார்க்கலாம். அதற்கு அப்பால் டைபி தீவு. கலங்கரை விளக்கத்துக்கு 178 படி. பிறகு கடலில் ஆட்டம். கடல் ஏற்றம் மிக அதிகமான நாட்களில் தீவுச் சாலையில் தண்ணீர் ஏறிவிடும். கிளம்பும் முன் ஏற்ற நேரத்தை விசாரிக்க வேண்டும்.

காரில் என்ன வேண்டும்?

சிறு குழந்தைக்கு வயதுக்கு ஏற்ற தனி இருக்கை வேண்டும். சட்டம் கண்டிப்பானது. தொப்பி, குடிநீர், கொசு மருந்து, மாற்றுத் துணி வேண்டும். படகுச் சீட்டையும் அருங்காட்சியகச் சீட்டையும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும். அழகான வீடு, கோட்டை, தேவாலயம் எதைப் பார்த்தாலும் குழந்தை அதில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: “இதைக் கட்டியது யார்?”

வழிகாட்டிப் பலகைகளில் முதலாளியின் பெயர் பெரிதாக இருக்கும். மண் சுமந்தவரின் பெயர் பல இடங்களில் இருக்காது. அதைத் தேடப் பழகிய பிள்ளை, நாளை தஞ்சைக் கோவிலுக்குப் போனாலும், வீட்டருகே புதிதாக எழும் மாடி வீட்டைப் பார்த்தாலும் அதே கேள்வியைக் கேட்கும்.