“எனக்குத்தான் நீச்சல் தெரியுமே அங்கிள்!”

கோடை விடுமுறை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ‘குடும்ப தினம்’ என்று வைத்துக் கொள்வோம். அப்பா, அம்மா, குழந்தைகள் என்று நாலு பஸ் நிறைய ஆட்கள் கிளம்பி, ஒரு தண்ணீர் பூங்காவில் வந்து இறங்குகிறார்கள். பஸ் நின்றதும் ஒரு பையன் ஓட்டமாக ஓடி, உயரமான சறுக்கில் முதல் ஆளாக ஏறி நிற்கிறான். எட்டாம் வகுப்பு முடித்தவன்.

“தம்பி, உன்கூட வந்த பெரியவங்க யாரு? எங்கே இருக்காங்க?” என்று கேட்கிறார், மேலே நிற்கும் ஊழியர்.

“எனக்கு 13 வயசு. நீச்சல் கூடத் தெரியும் அங்கிள்!”

“சரிப்பா. பெரியவங்க எங்கே?”

பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. ‘என்னைப் போய்க் குழந்தை மாதிரி நடத்துறாரே!’

உங்களுக்கும் இப்படிக் கோபம் வந்திருக்கும், இல்லையா குட்டீஸ்? அந்த ஊழியர் ஏன் விடாமல் அதையே கேட்டார்? வாங்க, பார்ப்போம்.

கப்பலிலும் இதே கேள்விதான்!

இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கார்கள் சென்னைத் துறைமுகம் போய்க் கப்பல் ஏறுவது உங்களுக்குத் தெரியும். அதே துறைமுகத்தில் இருந்து 2022 ஜூன் மாதம் வேறொரு கப்பல் கிளம்பியது. சரக்கு ஏற்ற அல்ல, மக்கள் சுற்றிப் பார்க்க! ‘கார்டிலியா’ நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ என்ற சொகுசுக் கப்பல் அது. அதில் நீச்சல் குளமும் உண்டு.

உலகின் பெரிய சொகுசுக் கப்பல்களிலோ முழு தண்ணீர் பூங்காவே இருக்கிறது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமி நகரில் இருந்து முதல் பயணம் கிளம்பிய ‘ஐகான் ஆப் தி சீஸ்’ கப்பலின் மேல் தளத்தில் மட்டும் 6 தண்ணீர் சறுக்குகள்! 2011ல் பயணம் தொடங்கிய ‘டிஸ்னி டிரீம்’ கப்பலில் ‘அக்வாடக்’ என்று ஒரு சறுக்கு. கண்ணாடி போன்ற குழாய்க்குள் ரப்பர் படகில் உட்கார்ந்து போகலாம். ஓரிடத்தில் அந்தக் குழாய் கப்பலின் விளிம்பைத் தாண்டி, கடலுக்கு மேலே நீண்டு திரும்பும். அப்பாடா!

ஆனால், ஏறியதும் முதலில் வரவேற்பது ஓர் உயரக் கோல். அக்வாடக்கில் போக 107 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் என்றால், கூடவே 14 வயதுக்குக் குறையாத ஒருவர் உட்கார வேண்டும்.

கப்பலில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடல் அலையில் கப்பல் ஆடினால், குளத்தில் இருக்கும் தண்ணீரும் வாளித் தண்ணீர் போல அலம்பும். இடுப்பளவு நின்ற தண்ணீர் திடீரென்று தலைக்கு மேல் வரும். அதனால்தான், அலை அதிகமான நாட்களில் குளத்தையே மூடி, மேலே வலை போட்டு விடுகிறார்கள்.

முன்பெல்லாம் பல கப்பல்களில் குளத்தங்கரையில் ‘உயிர்காப்பாளர் கிடையாது’ என்ற பலகை மட்டும்தான் இருக்கும். குழந்தைகள் நீரில் மூழ்கிய சோகங்கள் நடந்த பிறகு, 2017ல் ராயல் கரீபியன் நிறுவனம் தன் கப்பல்களில் உயிர்காப்பாளர்களை நியமித்தது. அப்படியும், ‘பெற்றோர் கவனிக்க வேண்டும்’ என்ற விதியை எடுத்துவிடவில்லை.

உயரக் கோல் எதற்கு?

ரொம்ப லேசான உடம்பு, சறுக்கின் நடுவிலேயே வேகம் குறைந்து நின்றுவிடலாம். பின்னால் வருபவர் வந்து மோதுவார். அதோடு, கீழே போய் விழும் குளத்தில் எழுந்து நின்றால் தலை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டுமே! அதற்குத்தான் உயரம் பார்க்கிறார்கள்.

ஆனால், உயரக் கோல் உங்கள் உடம்பை மட்டும்தான் அளக்கும். தண்ணீருக்குள் உங்களுக்கு ஏதாவது ஆனால், அதை முதலில் பார்க்கப் போவது யார்? அதை எந்தக் கோலாலும் அளக்க முடியாது. அதனால்தான் ‘பெரியவங்க எங்கே?’ என்ற கேள்வி.

சத்தமில்லாத ஆபத்து

சினிமாவில் நீரில் மூழ்குபவர் என்ன செய்வார்? “காப்பாத்துங்க... காப்பாத்துங்க!” என்று கத்துவார். கையை ஆட்டுவார். தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்கும்.

நிஜத்தில் அப்படி இல்லை.

நியூயார்க் நகரின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் பிராங்க் பியா என்ற உயிர்காப்பாளர் இருந்தார். 1970களின் தொடக்கத்தில் கடற்கரையில் கேமரா வைத்து, மூழ்கத் தொடங்கியவர்களையும், சக உயிர்காப்பாளர்கள் அவர்களைக் காப்பாற்றுவதையும் படம் பிடித்தார். படத்தைப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியம்! மூழ்குபவர்கள் கத்தவே இல்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் நொடியில் மூச்சை இழுக்கவே நேரம் போதவில்லை. பிறகு எப்படிக் கத்துவது? கையையும் ஆட்டவில்லை. இரண்டு கைகளும் பக்கவாட்டில் நீண்டு, தண்ணீரைக் கீழே அழுத்திக் கொண்டே இருந்தன. உடம்பு நேராக நின்றது. பார்ப்பவர்களுக்கு, ‘சும்மா நின்று விளையாடுகிறான்’ என்றே தோன்றும்!

இப்படித் தாக்குப் பிடிப்பது எவ்வளவு நேரம் தெரியுமா? 20 முதல் 60 நொடிகள்தான் என்றார் பியா. நீங்கள் ஒரு ஐஸ்கிரீம் உறையைப் பிரிக்கும் நேரம்!

பத்தும் இருபதும்

தண்ணீர் பூங்கா உயிர்காப்பாளர்களுக்கு ‘10/20’ என்று ஒரு விதி உண்டு. தன் பகுதி முழுவதையும் 10 நொடிக்குள் ஒருமுறை கண்ணால் அலசிவிட வேண்டும். யாராவது ஆபத்தில் இருந்தால், அடுத்த 20 நொடிக்குள் அவரிடம் போய்ச் சேர வேண்டும். மேலே சொன்ன நொடிக் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஏன் இந்த அவசரம் என்று புரியும்.

அலைக்குளத்தில் நூறு பேர் குதித்துக் கொண்டிருப்பார்கள். உயிர்காப்பாளரின் கண் அந்த நூறு பேர் மேலும் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் அம்மாவின் கண்ணோ, உங்கள் ஒருவர் மேல்தான் இருக்கும். இரண்டு காவலும் சேர்ந்தால்தான் முழுக் காவல்.

ஆமாம், அந்தக் கண் செல்போனில் இருந்தால்? அது காவலே இல்லை. இதை வீட்டில் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்!

13 வயதிலும் எதற்கு?

‘சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. எங்களுக்கு எதற்கு?’ என்று அண்ணன்களும் அக்காக்களும் கேட்கலாம். நியாயமான கேள்வி.

2005ல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டீன்பெர்க் இருவரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஒரு கார் வீடியோ கேம். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் துணிந்து காரை ஓட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். சிலர் தனியாக விளையாடினார்கள். சிலர் நண்பர்கள் சுற்றி நிற்க விளையாடினார்கள். பெரியவர்களிடம் இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. 13 முதல் 16 வயது வரை உள்ளவர்களோ, நண்பர்கள் பார்க்கும்போது ரொம்ப அதிகமாக ஆபத்தை விலைக்கு வாங்கினார்கள்!

அறிவு குறைவு என்பதால் இல்லை. ‘டேய், இவன் பயந்துட்டான்டா!’ என்ற ஒரு சொல்லுக்கு, அந்த வயதில் அவ்வளவு சக்தி இருக்கிறது. பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றால், ‘வேண்டாம்’ என்று சொல்வது உங்களுக்கும் சுலபம். “எங்கப்பா விடமாட்டார்டா” என்று பழியை அவர் மேல் போட்டுவிடலாமே!

ஏரிக்கு விசில் கிடையாது

தண்ணீர் பூங்காவுக்கு நாம் வருடத்துக்கு ஒருமுறை போவோமா? ஏரியும் குட்டையும் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி என்று நம் ஊரைச் சுற்றிலும் நீர்தான். கொஞ்ச தூரத்தில் செம்பரம்பாக்கம். அது நிரம்பினால் ஆழம் 24 அடி! இரண்டு மாடி உயரம்.

அங்கே உயரக் கோல் இல்லை. விசில் ஊத ஆளில்லை. மண் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. நாலு எட்டு வரை முழங்கால் தண்ணீர். ஐந்தாவது எட்டில் ஆளையே முழுக்கிவிடும்.

உலகம் முழுவதும் 5 முதல் 14 வயது வரை உள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில், நீரில் மூழ்குவது மூன்றாவது இடத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதைத் தடுப்பதற்காகவே, 2021ல் ஐ.நா. சபை ஜூலை 25ஐ உலக நீரில் மூழ்குதல் தடுப்பு தினமாக அறிவித்தது.

நம் பகுதியில் நிறைய வீடுகளில் அப்பாவோ அம்மாவோ இரவு ஷிப்ட் முடித்து, பகலில் தூங்குவார்கள். அவர்களை எழுப்ப நமக்கு மனசு வராது. ‘அண்ணன்தான் கூட இருக்கானே’ என்று நாலு பேர் சேர்ந்து கிளம்பிவிடுவோம். அந்த அண்ணனுக்கு எத்தனை வயது? 14. அவனை யார் பார்த்துக் கொள்வது?

பெரியவர் வர முடியாத நாளில் தண்ணீர் விளையாட்டு வேண்டாம். அன்றைக்குக் கிரிக்கெட்தான்!

குதிக்காதே, வீசு!

2020 ஆகஸ்ட். பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில், குளிக்க வந்த இளைஞர்கள் நான்கு பேர் ஆழத்தில் சிக்கிக் கொண்டார்கள். அங்கே துணி துவைக்க வந்திருந்த செந்தமிழ்ச்செல்வி, முத்தம்மாள், ஆனந்தவல்லி மூவரும் யோசிக்கவே இல்லை. கட்டியிருந்த புடவையை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார்கள். அதைப் பிடித்துக் கொண்டு இரண்டு பேர் பிழைத்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வீரப் பெண்களுக்குத் தமிழக அரசு அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

நண்பன் மூழ்கினால் நீங்கள் குதிக்கக் கூடாது. பயத்தில் அவன் உங்களைக் கட்டிப் பிடித்தால் இருவருக்குமே ஆபத்து. புடவை, துப்பட்டா, கயிறு, நீளமான கொம்பு, மூடி போட்ட காலி கேன் என்று கையில் கிடைத்ததை வீசுங்கள். “காப்பாத்துங்க!” என்று அவனால் கத்த முடியாது. அவனுக்காக நீங்கள் கத்துங்கள்!

மறக்காதீங்க குட்டீஸ்!

* தண்ணீரில் இறங்கும் முன், ‘இப்போ என்னைப் பார்த்துக்கறது யாரு?’ என்று கேளுங்கள். ஒருவர் பெயராவது பதிலாக வர வேண்டும்.

* நீச்சல் தெரிந்தாலும் தனியாக இறங்காதீர்கள்.

* சறுக்கில் முன்னால் போனவர் குளத்தை விட்டு நகர்ந்த பிறகே நீங்கள் கிளம்புங்கள்.

* அலைக்குளத்தில் உங்கள் இடுப்பு உயரத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

* ‘யார் அதிக நேரம் மூச்சுப் பிடிப்பது’ என்ற போட்டி வேண்டவே வேண்டாம்.

* யாராவது அசையாமல், சத்தமில்லாமல் நின்றால், “நல்லாயிருக்கியா?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் உடனே பெரியவரைக் கூப்பிடுங்கள்.

* ஆம்புலன்ஸ் 108. தீயணைப்பு, மீட்புப் பணி 101. இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்கிறீர்களா? கீழே இறங்கிப் போய் அப்பாவைக் கையோடு கூட்டி வந்தான். அப்பா குளத்தோரம் நின்று கையசைத்தார். பையன் மேலே இருந்து ‘ஹோ...’ என்று கத்திக் கொண்டே சறுக்கி வந்தான். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? “நானும் ஒரு தடவை போறேன்டா, நீ இங்கே நின்னு பாரு” என்று அப்பாவே வரிசையில் போய் நின்றுவிட்டார்!