வாங்கியவனுக்குப் பாத்தியதை இல்லாத விளையாட்டு

ஆனி பிறந்து, மேற்கு மலைக் கணவாய் வழியே காற்றும் சாரலும் தென்காசிக்குள் இறங்கத் தொடங்கிவிட்டால், குற்றாலத்துக்கு வந்து போகிறவர்களுக்கு அது சீசன். இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ, தெருவில் இறங்கி ஆட வழியில்லாமல் மாலை முழுவதும் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்க வேண்டிய காலம். 1990களில் அத்தகைய மாலைகளில் எங்கள் தலைமுறையைக் கட்டிப்போட்டது, தொலைக்காட்சிப் பெட்டியின் ஆன்டெனாத் துளையில் வயரைச் செருகி ஆடிய வீடியோ கேம். ஜப்பானில் நின்டென்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் கருவியைப் பார்த்துச் செய்த நகல்களே அவை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. கேசட்டின் மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். பட்டியலை இறங்கிப் பார்த்தால் இருபது முப்பது ஆட்டங்களே பெயர் மாறி மாறி வந்துகொண்டிருக்கும்.

அவற்றுள் எல்லாராலும் கொண்டாடப்பட்டது கான்ட்ரா. எட்டுக் கட்டங்கள் கொண்ட அவ்வாட்டத்தின் மூன்றாம் கட்டம் ஓர் அருவி. துப்பாக்கி ஏந்திய இருவர் பாறைக்குப் பாறை தாவி அருவியின் உச்சிக்கு ஏற வேண்டும். ஒருவன் அவசரப்பட்டு ஏறிவிட்டால் திரையும் அவனோடு மேலே நகர்ந்துவிடும், பின்தங்கியவன் திரையின் அடி விளிம்பில் விழுந்து உயிரிழப்பான். ஆகவே கூட்டாளியின் கால் எந்தப் பாறையில் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற வேண்டும். அப்படி ஏறாதவனுக்கு அன்று மாலை சண்டை நிச்சயம். குற்றாலத்து ஐந்தருவிக்குப் பக்கத்து ஊரில் வாழ்ந்த சிறுவர்களுக்கு அந்த அருவியில் ஏறி முடித்ததில் ஏற்பட்ட ஆனந்தத்தை, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நான் சாதாரணமாக நினைக்கவில்லை. ஒரு கலைப்படைப்பு தரக்கூடிய ஆனந்தம் அது.

அந்தக் காலத்து ஆட்டங்களுக்கு ஒரு விசேஷ குணம் இருந்தது: அவை பூர்த்தியாகி வந்தன. 1985இல் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போலப் பல மடங்கு இடம் கேட்கும். சில்லில் பதித்துக் கடைக்கு அனுப்பிவிட்டால் பிறகு ஓர் எழுத்தையும் திருத்த முடியாது என்பதனால், செய்தவர்கள் அனுப்புவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. வாங்கியவனுக்கும் அது முழுப் பாத்தியதையுள்ள பொருளாக இருந்தது: இரவல் கொடுக்கலாம், விற்கலாம், மழைக்கால மாலைகளுக்கென்று பெட்டியில் வைத்துப் பூட்டலாம். கருவி பழுதாகாமல் இருக்குமாயின், அந்தக் கேசட்டை இன்று செருகினாலும் முதல் கட்டத்திலிருந்து தொடங்கும்.

எங்களிடமிருந்த கேசட்டுகளில் பெரும்பாலானவை உரிமையாளரின் அனுமதியின்றிப் பிரதி எடுக்கப்பட்டவை. பின்னர் பிரௌசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடிய ஆட்டங்களும், நண்பர்களுக்குள் கைமாறிய சிடிகளும் அப்படியே. சொந்தச் சம்பாத்தியம் வந்த பிறகு, அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் எங்களில் பலருக்கு உண்டாயிற்று. வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ஸ்டீம் கடை 2015 நவம்பரில் ரூபாயிலேயே விலை சொல்லத் தொடங்கியபோது, தென்காசியில் உட்கார்ந்துகொண்டு நியாயமான வழியில் ஓர் ஆட்டத்தை வாங்குவது முதன்முறையாக எளிதாயிற்று. எங்கள் மனவருத்தத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. நாங்கள் நேர்மையாக விலை கொடுக்கப் பழகிய அதே காலத்தில், விற்கிறவர்கள் விற்பதை நிறுத்திவிட்டார்கள்; வாங்கு என்ற பொத்தானை அழுத்தி நாம் பெறுவது இன்று பொருள் அன்று, ரத்து செய்யத்தக்க ஓர் உரிமம் மாத்திரமே.

இது வெறும் சட்ட நுணுக்கம் என்று எண்ணுகிறவர்களுக்கு, யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2014இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார்ப் பந்தய ஆட்டத்தின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்க நாடு முழுவதையும் சுருக்கி ஒரு வரைபடமாக்கி, அதன் குறுக்கே கடற்கரைக்குக் கடற்கரை கார் ஓட்டச் செய்த ஆட்டம் அது. தனியாக ஆடுகிறவனும் இணையத்தில் இணைந்தே ஆட வேண்டும் என்று அதை அமைத்திருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று நிறுவனம் தன் சர்வர்களை நிறுத்தியது. நிறுத்தியதோடு விடாமல், வாங்கியவர்களின் கணக்கிலிருந்த உரிமத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. இணையவழி வாங்கியவர்களுக்கு மட்டுமன்று, கடையில் வட்டு வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதி. வட்டு கையில் இருக்கிறது, ஆட்டம் இல்லை. ஒரு புத்தகக் கம்பெனி தன் அச்சகத்தை மூடலாம். மூடுகிற அன்று நம் வீட்டு அலமாரியிலிருந்த பிரதியின் பக்கங்களெல்லாம் வெறுமையாகும்படி செய்ய அதற்கு அதிகாரம் உண்டு என்று எவரும் ஒப்ப மாட்டார்கள். ஆட்டத்தின் விஷயத்தில் மாத்திரம் ஏன் ஒப்ப வேண்டும்?

முடிவு இப்படியென்றால் தொடக்கமும் செம்மையாக இல்லை. எட்டு ஆண்டுகளாக எதிர்பார்க்கப்பட்ட சைபர்பங்க் 2077 என்ற ஆட்டம் 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்தபோது பழைய கருவிகளில் நடக்கவே தடுமாறியது; ஏறக்குறைய ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டு, விரும்பியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது. பிறகு பல்லாண்டு உழைத்து அதைச் செய்தவர்கள் அதை மிக நல்ல ஆட்டமாக்கினார்கள் என்பதும் உண்மை. ஆயினும், வெந்தும் வேகாததுமாக இலையில் பரிமாறிவிட்டுப் பிறகு வேகவைத்துத் தருகிறோம் என்கிற வழக்கம் இன்று விதியாகவே ஆகிவிட்டது. பெரிய ஆட்டம் ஒன்று 150 ஜிபி இடம் கேட்பது இப்போது அதிசயமன்று. நாளுக்கு 2 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தை நம்பியிருக்கும் கடையம், பாவூர்சத்திரப் பக்கத்து மாணவன், வேறொன்றுக்கும் செலவிடாமல் சேர்த்தால் அதை இறக்க 75 நாள் ஆகும். அதற்குள் புதிய திருத்தங்கள் வந்து அளவு இன்னும் கூடியிருக்கும். விலையோ பல ஆயிரம் ரூபாய் வரை போகிறது. பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டத்தில் அது பல நாள் கூலி.

விலையை முன்கூட்டிச் சொல்லி வாங்குகிற ஆட்டங்களாவது ஒருவகையில் நாணயமானவை. இலவசம் என்று கையில் கொடுத்துவிட்டு உள்ளே கடை விரிக்கிற ஆட்டங்களே என்னை அதிகம் கலங்கச் செய்கின்றன. இதன் பூர்வோத்தரம் சிறியது: 2006 ஏப்ரலில் பெதஸ்டா நிறுவனம், ஒப்லிவியன் என்ற ஆட்டத்தில் குதிரைக்கு அணிவிக்கும் கவசம் ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றது. அதனால் ஆட்டத்தில் ஒரு பயனும் இல்லை என்று உலகெங்கும் ஏளனம் செய்தார்கள். ஆனாலும் அது விலைபோயிற்று. அந்தக் கவசத்திலிருந்துதான் இன்றைய சட்டைகளும் துப்பாக்கி வண்ணங்களும் வந்தன. பிறகு அவற்றையும் நேரே விற்காமல், மூடிய பெட்டிக்குள் வைத்து, திறந்தால் கிடைக்கலாம் என்ற லூட் பாக்ஸ் முறை பரவியது.

தென்காசியில் என் அக்காள் மகன் கைப்பேசியில் ஆடும் ஓர் ஆட்டத்தை ஒரு நாள் அருகில் அமர்ந்து கவனித்தேன். ரூபாயைக் கொண்டு அங்கே எதையும் நேரடியாக வாங்க முடியாது. முதலில் வைரங்களாக மாற்ற வேண்டும். வைரக் கட்டுகளின் அளவும் பரிசுச் சக்கரத்தின் ஒரு சுழற்சிக்குக் கேட்கும் அளவும் ஒருபோதும் பொருந்துவதில்லை. ஆகவே எப்போதும் கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சியது வீணாகாதிருக்க மேலும் கொஞ்சம் வாங்கத் தோன்றும். சக்கரம் சுழன்று, அவன் விரும்பிய பொருளின்மேல் ஒளி தயங்கி, அடுத்ததற்கு நகர்ந்து நின்றது.

“மாமா, அந்தச் சட்டை இன்னைக்கு ராத்திரியோட போயிரும், பெறவு கெடைக்காது. இன்னும் ஒரே ஒரு தடவை” என்றான்.

“ஏலே, சட்டை வாங்கவா காசு கேக்குத, சக்கரம் சுத்தவா?” என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. கேள்வி அவனிடம் கேட்கத்தக்கதும் அன்று. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் ஆசையை அளந்து, அந்த ஒளி எவ்வளவு நேரம் தயங்க வேண்டும் என்று கணக்கிட்டவர்களிடம் கேட்க வேண்டியது.

குற்றாலத்துப் பேரருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடக் காசு கேட்பார்கள். கொடுக்கிறவர்கள் கொடுத்துத் தேய்த்துக்கொள்கிறார்கள். தேய்த்துக்கொள்ளாதவன் தலையில் அருவி மெதுவாக விழுவதில்லை. காசு கொடுத்தவனுக்கு வலிமை மிகுந்த ஆயுதமும் கொடாதவனுக்கு வலுவற்றதும் என்று ஆட்டத்தின் விதியிலேயே பேதம் செய்கிற இடங்களில் இந்த நியாயம் அழிந்துவிடுகிறது. 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 என்ற ஆட்டத்தில் இ.ஏ. நிறுவனம் இதைச் செய்யப் புகுந்தபோது, ஆடுகிறவர்களின் கோபம் தாங்காமல் வெளியீட்டுக்குச் சற்று முன்பே அந்த விற்பனையை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் சில ஆட்டங்களிலிருந்த லூட் பாக்ஸ்கள் சூதாட்டமே என்று தீர்த்துச் சொன்னது. நம் தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டமும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பந்தயப் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைக் குறித்தே முக்கியமாகப் பேசுகின்றன. அவை வேண்டியவையே, ரம்மிக் கடனால் அழிந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் பணம் திரும்ப வராத சக்கரத்தில் பணம் போடும் சிறுவனைப் பற்றிய பேச்சு இன்னும் சரியாகத் தொடங்கவில்லை.

சர்வர் ஓட்டச் செலவு ஆகும் என்பது எங்களுக்குத் தெரியாததன்று. மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் வந்த பிறகு, மென்பொருள் செய்வோர் படும் பிரயாசை இவ்வூர்க்காரர்களுக்கு அயலான விஷயமும் அன்று. ஆனால் கூடிய வருவாய், ஆட்டங்களைச் செய்தவர்களைக் காப்பாற்றியதா என்றால், அதுவும் இல்லை. 2023 அக்டோபரில் ஆக்டிவிஷன் பிளிசார்டை ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு வாங்கிய மைக்ரோசாஃப்ட், அடுத்த ஜனவரியில் தன் விளையாட்டுப் பிரிவிலிருந்து 1,900 பேரை நீக்கியது. அதே ஆண்டு மே மாதத்தில், ஹை-ஃபை ரஷ் என்ற ஆட்டத்தால் புகழ்பெற்ற டேங்கோ கேம்வொர்க்ஸ் கூடத்தை மூடுவதாகவும் அறிவித்தது.

இவ்வளவு சொல்லியும் நான் ஆடுவதை விடவில்லை என்றால், அதற்குக் காரணம் வெண்பா போன்ற ஆட்டங்கள். கனடாவில் வாழும் தமிழர் ஒருவர் தொடங்கிய விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலையில் அதை வெளியிட்டது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் தாய், தன் அம்மாவின் சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து, அழிந்த வரிகளை ஊகித்து இட்லி வார்ப்பதில் ஆட்டம் தொடங்குகிறது. தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி ஏறும் என்று யோசிக்கும்போதே, மகன் கவினுக்கும் அவளுக்கும் இடையே மொழி விலகிப்போவதை நாம் பார்க்கிறோம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உள்ளே கடை இல்லை, சக்கரம் இல்லை. 2024இல் அதற்கு பாஃப்டாவின் சிறந்த முதல் ஆட்டத்துக்கான விருது கிடைத்தது. பூர்த்தியான சிறிய படைப்புக்கு இன்றும் இடமுண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் வெண்பாவும் நாளை ஒரு கடையின் கணக்கில் உள்ள வரியாகவே இருக்கும் என்பதுதான் என் கவலை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவிகிதம் இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என்று, வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஆராய்ந்து வெளியிட்டது. தி க்ரூ மறைந்த பிறகு எழுந்த ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் என்ற இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அவர்கள் கேட்பது சர்வர்களை என்றென்றும் ஓட்டவேண்டும் என்பதன்று, நிறுத்துகிற நாளில் ஆட்டத்தை ஆடக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்பதே. அது இயலாத காரியமும் அன்று: எதிர்ப்புக்குப் பின் 2024 செப்டம்பரில், தி க்ரூவின் அடுத்த பாகத்துக்கு இணையமின்றி ஆடும் வசதி தருவதாக அதே யூபிசாஃப்ட் அறிவித்தது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், விற்பது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் எண்ணிமப் பொருள்களின் விற்பனையை மின்வணிகத்துள் சேர்த்தே வரையறுத்திருக்கிறது. ஆகவே, இந்த ஆட்டம் குறைந்தது எந்நாள் வரை செல்லும் என்பதை விலையின் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் காட்ட வேண்டும் என்றும், கடையை மூடுகிறவர் தனித்து ஆடும் வழியைத் திறந்துவைத்துவிட்டே மூட வேண்டும் என்றும் விதிக்கப் புதிய சட்டம் ஒன்று தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம். இருக்கிற சட்டத்தின் விதிகளில் சில வரிகளைச் சேர்த்தாலே போதும்.