ஒரு கடையில் மட்டும் செல்லும் ரூபா



முத்திரை சேர்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். பழைய நாணயம் சேர்ப்பவர்களையும் கண்டிருப்பீர்கள். நாணயத்தாள் சேர்ப்பவர்கள் அவர்களிலும் குறைவு. அதிலும், உலகப்படத்தில் ஈ எச்சம் போலக் கிடக்கும் தீவுகளின் தாள்களை, கடல் கடந்த ஏதோவோர் அரசின் ஆட்சியில் இருந்த சிறு ஆள்புலங்களின் தாள்களை மட்டும் தேடி அலைகிறவன் என்றால் வீட்டாரே ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். நான் அந்த இனத்தைச் சேர்ந்தவன். "செலவழிக்க ஏலாத காசுக்குக் காசைச் செலவழிக்கிற மனுசன்" என்று என் மனைவி என்னை விருந்தாளிகளுக்கு அறிமுகம் செய்து வைப்பாள்.

இந்தப் பொழுதுபோக்கின் சுவையைப் பற்றியும், அதில் எனக்கு ஒரு பெரியவர் கற்பித்த பாடத்தைப் பற்றியும் இன்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. பொற்காசை உருக்கினாலும் அதற்கு விலை உண்டு. நாணயத்தாளை எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும். தாளுக்கு மதிப்புக் கொடுப்பது அதன் பின்னால் நிற்கிறவருடைய வாக்கு. பெரிய நாடுகளின் தாளில் இதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் சில நூறு அல்லது சில ஆயிரம் பேர் மட்டும் வாழும் ஒரு தீவின் தாளைக் கையில் எடுத்தால், "யார் கொடுத்த வாக்கு இது? எதுவரைக்கும் செல்லும்?" என்ற கேள்விகள் தாமாகவே எழும்.

இந்தத் தாள்களைப் பொதுவாக நாலு வகையாகப் பிரிக்கலாம். ஆள்புலத்தின் அரசாங்கமே வெளியிட்டவை ஒரு வகை. போக்லண்ட் தீவுகள் 1899இல் இருந்து இப்படித் தமக்கென்று தாள் வெளியிட்டன. ஆட்சி செய்த நாட்டின் வங்கி ஒன்று உரிமை பெற்று வெளியிட்டவை இரண்டாம் வகை. 1875இல் தொடங்கப்பட்ட இந்தோசீன வங்கி புதுச்சேரிக்கென்று ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. தாய்நாட்டுத் தாளின்மேல் தீவின் பெயரை அச்சடித்தவை மூன்றாம் வகை. இவற்றை மேலச்சுத் தாள்கள் என்போம். நாலாம் வகைதான் விசித்திரமானது. தீவுக்கே சொந்தக்காரரான ஒரு தனி மனிதர் தம்முடைய கையொப்பத்தோடு வெளியிட்ட பணம். அதைப் பற்றிப் பின்னர் வருவேன்.

முதல் வகைக்கு என்னிடம் இருக்கும் அழகான உதாரணம் சென் ஹெலினாத் தாள். நெப்போலியன் சிறையிருந்து 1821இல் இறந்த தீவு அது. ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பனியின் கையில் இருந்தது. 1976இல் அந்தத் தீவு தாள் வெளியிட்டபோது கம்பனியின் பழைய இலத்தீன் வாசகத்தையும் அதில் சேர்த்தார்கள். 'இங்கிலாந்தின்' என்று பொருள்படும் 'அங்லியே' என்ற சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டுப் போயிற்று. பிறகு வந்த தாள்களில் திருத்திவிட்டார்கள். பிழையான தாளும் திருத்திய தாளும் இரண்டும் வேண்டும் என்று சேகரிப்போர் தேடுவார்கள். அச்சுப்பிழை பார்ப்பவரின் தவறுக்கு விலை ஏறுவது இந்த ஓர் உலகத்தில்தான்.

மேலச்சுக்குச் சிறந்த உதாரணம் ஹவாய். 1959இல் தான் அது அமெரிக்காவின் ஒரு மாநிலமானது. அதற்கு முன் ஓர் ஆள்புலம். 1941 டிசெம்பர் 7இல் பேர்ள் துறைமுகத்தை யப்பானியர் தாக்கினார்கள். தீவு எதிரியின் கையில் விழுந்தால் அங்குள்ள டொலர் எல்லாம் அவனுக்குப் போர்ச்செலவுப் பணமாகிவிடும் அல்லவா? ஆகவே 1942 ஜனவரியில், மக்களிடமிருந்த சாதாரண டொலர்த் தாள்களைத் திரும்பப் பெறத் தொடங்கினார்கள். அதே ஆண்டின் நடுப்பகுதியில் 'ஹவாய்' என்று பெரிய எழுத்தில் மேலச்சிட்ட தாள்களைக் கொடுத்தார்கள். தீவு பறிபோனால், அந்த மேலச்சுள்ள தாள் செல்லாது என்று ஒரே அறிவிப்பில் சொல்லிவிடலாம். திரும்பப் பெற்ற சுமார் 20 கோடி டொலரைக் கப்பலேற்றி அனுப்பினால் வழியில் பகைவன் கைக்குப் போகும் என்று பயந்து, பிணம் எரிக்கும் சூளையிலும் சீனி ஆலையின் அடுப்பிலும் இட்டுக் கொளுத்தினார்கள். அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடிக்கும்போதெல்லாம், கொடுக்கும்போதே பறிக்கும் வழியையும் வைத்துக் கொடுத்த காசு என்று எண்ணிக்கொள்வேன்.

இனி நாலாம் வகை.

பல வருடங்களுக்கு முன் கொழும்பில், பழைய சாமான் விற்கும் ஒரு கடையில், பொத்தான்களும் சதுரங்கக் காய்களும் கிடந்த தகரப் பேணிக்குள் யானைத்தந்த நிறத்தில் ஒரு வட்ட வில்லை கண்ணில் பட்டது. அதில் கீலிங் கொக்கோஸ் தீவுகள் என்ற பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. 1913 என்ற ஆண்டும் 25 சதம் என்ற பெறுமதியும் இருந்தன. கடைக்காரருக்கு அது பொத்தான். எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

கொக்கோஸ் தீவுகள் இந்து சமுத்திரத்தில், இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையில் கிடக்கும் 27 பவளத் தீவுகள். எல்லாவற்றையும் கூட்டினாலும் 14 சதுர கிலோமீற்றர்தான் வரும். 1826இல் அலெக்சாண்டர் ஹெயார் என்பவர் மலாய் மக்களைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றினார். அடுத்த ஆண்டு ஸ்கொத்லாந்துக் கப்பல் தலைவர் ஜோன் குளூனிஸ்-றொஸ் குடும்பத்தோடு வந்தார். ஹெயார் போய்விட, தீவு றொஸ் குடும்பத்தின் தென்னந்தோட்டமாயிற்று. 1836இல் அங்கு வந்த சாள்ஸ் டார்வின், அந்த மலாய் மக்கள் பெயரளவில்தான் சுதந்திரமானவர்கள், பல விடயங்களில் அடிமைகளாகவே கருதப்படுகிறார்கள் என்ற கருத்தைப் பதிந்துவிட்டுப் போனார். 1857இல் பிரித்தானியா தீவுகளைத் தன்னுடையவை என்று அறிவித்தது. 1878இல் அவற்றை இலங்கைத் தேசாதிபதியின் பொறுப்பில் விட்டார்கள். 1886இல் பொறுப்பு மலாயாவின் நீரிணைக் குடியேற்றங்களுக்கு மாறியது. அதே ஆண்டில் விக்டோரியா மகாராணி தீவு நிலத்தை என்றென்றைக்குமாக றொஸ் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

கொப்பரா காயவைத்த அந்தத் தொழிலாளருக்குக் கூலி கொடுக்க றொஸ் குடும்பம் தானே பணம் உண்டாக்கியது. ஈரமும் உப்புக்காற்றும் சேர்ந்த இடத்தில் கடதாசி எத்தனை நாள் தாங்கும்? ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி அதில் ரூபாக்களை அச்சிட்டார்கள். 1902ஆம் ஆண்டுத் தோல் நோட்டுகளில் ரூபாவின் பத்தில் ஒரு பங்கில் இருந்து ஐந்து ரூபா வரை இருந்தன. பிறகு அவற்றுக்குப் பதிலாக 1913ஆம் ஆண்டு பொறித்த வில்லைகள் வந்தன. தோல் நோட்டு இன்று மிக அரிது. நான் படத்தில் மாத்திரம் கண்டிருக்கிறேன். என் கைக்கு எட்டியது அந்த ஒரு வில்லை.

இந்தத் தீவை நீங்கள் முன்பே அறிவீர்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? 1914 செப்ரெம்பரில் சென்னைமீது குண்டு போட்ட ஜேர்மன் கப்பல் எம்டன், அந்த வருடம் நவெம்பர் 9இல் தரைதட்டி அழிந்தது கொக்கோஸ் கரையில்தான். பொல்லாத ஆளை 'எம்டன்' என்று நாம் இன்றும் சொல்வது அந்தக் கப்பலை வைத்துத்தான். 1942இல், யுத்தத்தின் காரணமாகத் தீவுகள் மீண்டும் இலங்கை நிர்வாகத்தில் இருந்தபோது, அங்கே காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கலகம் செய்தார்கள். கிரேசியன் பெர்னாண்டோ முதலிய மூவர் தூக்கிலிடப்பட்டார்கள்.

நான் வில்லையை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்துக் கொண்டிருந்தேன். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். மலையகத்தில் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, வேலை செய்து ஓய்ந்தவர். வில்லையை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இது எங்கங்கையா செல்லும்?" என்று கேட்டார்.

"அந்தத் தீவிலை, தோட்டத்துக் கடையிலை மட்டுந்தான் பெரியவர்" என்றேன்.

"கடை யாரோடது?"

"தோட்டத்துக்காரருடையது."

"தீவ விட்டுப் போறவுக இத எடுத்துட்டுப் போயி என்னங்கையா செய்வாக?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் வில்லையை மெதுவாகத் திரும்ப வைத்தார். "அப்ப இது காசு இல்லீங்க. எங்க பாட்டி சொல்லுமே, துண்டுன்னு. அந்தச் சாதிதான்" என்றார்.

துண்டு என்றால் இளைய நேயர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இலங்கைத் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் கடன்பட்டே வேலைக்கு வந்தார்கள். இத்தனை ரூபாக் கடனை அடைத்தால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவார். அந்தத் தோட்டம் கடனைக் கட்டும். ஆட்கள் இடம் மாறுவார்கள். கடன் மாத்திரம் அவர்களோடு கூடவே போகும். 1921இல் சட்டத்தினால் அது ஒழிக்கப்பட்டது.

கணக்குப்படி பார்த்தால் பெரியவர் சொன்னது முழுவதும் சரியல்ல. துண்டு கடன்சீட்டு, வில்லை கூலிக்காசு. ஒன்று கொடுக்க வேண்டியதைச் சொல்வது, மற்றது பெற்றுக்கொண்டதைச் சொல்வது. ஆனால் இரண்டும் செய்த வேலை ஒன்றுதான் என்பதை அவர் ஒரு நிமிடத்தில் கண்டுவிட்டார். நான் வருடக்கணக்காக வைத்திருந்தும் காணவில்லை. வில்லையின் நிறத்தையும் எழுத்தையும் அரிய தன்மையையும் பார்த்தேனே தவிர, அதைக் கூலியாக வாங்கிய கையைப் பார்க்கவில்லை.

அதன் பின்புதான் அந்தத் தீவின் மிச்சக் கதையைத் தேடிப் படித்தேன். நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், றொஸ் குடும்பத்தார் தொழிலாளருக்கு வீடு கொடுத்தார்கள், வேலை கொடுத்தார்கள். ஆனால் தீவை விட்டுப் போனவருக்குத் திரும்பி வர இடமில்லை என்ற கட்டுப்பாடும் இருந்தது. 1955இல் தீவுகள் அவுஸ்திரேலியாவுக்குக் கைமாறின. அதன் பிறகு 1968இல்கூடப் புதிய பிளாஸ்ரிக் வில்லைகள் வெளியாகின. 1978இல் அவுஸ்திரேலிய அரசு குடும்பத்தின் நிலத்தில் பெரும்பகுதியை 62 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு வாங்கியது. 1984 ஏப்ரல் 6இல் ஐக்கிய நாடுகள் சபையின் கண்காணிப்பில் தீவு மக்கள் வாக்களித்தார்கள். வாக்களித்தவர் 261 பேர். அவர்களில் 229 பேர் அவுஸ்திரேலியாவோடு இணைவதையே விரும்பினார்கள். எங்கும் செல்லும் காசு அவர்கள் கைக்கு வந்த கதை இதுதான்.

இந்தத் துறையில் இறங்க விரும்பும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். பழையது எல்லாம் அரியதல்ல. அரியது எல்லாம் விலை பெறுவதுமல்ல. வாங்குமுன் அல்பேர்ட் பிக் என்ற ஜேர்மானியர் தொடக்கி வைத்த உலக நாணயத்தாள் விபரத்திரட்டைப் பாருங்கள்; அவர் தந்த இலக்கமுறையைத்தான் விற்பவரும் வாங்குபவரும் இன்றும் கையாளுகிறார்கள். அண்டார்டிக்கா டொலர் என்று வண்ண வண்ணமாக ஒன்று விற்பார்கள். அங்கே அரசாங்கமும் இல்லை, அப்படியொரு பணமும் இல்லை. அது வெறும் ஞாபகப் பொருள். தாளை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைப் பாருங்கள். மடிப்பை எடுக்க ஸ்திரிக்கைப் பெட்டி போடாதீர்கள், அழுக்கென்று கழுவாதீர்கள், பசை தொடவே கூடாது. கழுவி அழுத்திய தாளை அனுபவசாலி தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடிப்பார், விலை பாதியாகிவிடும். மலிவான பிளாஸ்ரிக் உறைகள் நம்முடைய வெக்கைக்கு உருகித் தாளோடு ஒட்டும். இராமபாணப் பூச்சிக்கும் ஈரத்துக்கும் எட்டாத உலர்ந்த இடத்தில், வெயில் படாமல் வையுங்கள்.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு தாளோடும் ஒரு சிறு துண்டுக் கடதாசியில் விபரம் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். நாடு, ஆண்டு, பெறுமதி, வாங்கிய விலை. அந்தப் பெரியவர் வந்து போன பிறகு நான் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்து எழுதுகிறேன்: 'யார் கையில், எங்கே செல்லும்?' சென் ஹெலினாவுக்கும் ஹவாய்க்கும் அந்த வரியை எழுதிவிட்டேன். கொக்கோஸ் வில்லைக்கு எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. 'தொழிலாளர் கையில். முதலாளியின் கடையில்.'

விருந்தாளிகள் வந்தால் இப்போதும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். ஆனால் முதலில் அந்த வரியை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வில்லையைக் கையில் கொடுக்கிறேன்.