பொன் கழுகா, 'டூரிஸ்ட் கழுகா'?

ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸ் பக்கம் சுத்திட்டு வர்ற மக்கள்ல பாதிப் பேர் "கழுகு பார்த்தேன், ரோட்டோரக் கம்பத்துல கம்பீரமா உக்காந்திருந்துச்சு"ன்னு ஒரு போட்டோவை நீட்டுவாங்க. மன்னிக்கணும் மக்களே, கம்பத்துல உக்காந்திருந்தா அது பெரும்பாலும் பஸ்ஸர்ட். இந்த ஊர்க்காரங்க அதுக்கு வச்சிருக்கிற செல்லப் பேரே 'டூரிஸ்ட் ஈகிள்' :-)

பேர்க் குழப்பம் நமக்குப் புதுசில்லைதான். திருக்கழுக்குன்றத்துல ஒரு காலத்துல தினமும் பிரசாதம் சாப்பிட வந்த 'கழுகு'கூட உண்மையில பாறு இனம். ஆனா நான் தேடிப் போனது அசல் பொன் கழுகு. 2015-ல எடுத்த கணக்குப்படி ஸ்காட்லாந்து முழுக்க 508 ஜோடிகள்தான்.

முதல்ல ஒண்ணு. 'பொன்'னுங்கிற பேரை நம்பாதீங்க. அந்தத் தங்க நிறம் தலைக்குப் பின்னாடி, பிடரியில மட்டும்தான். ஒரு கிலோமீட்டர் தூரத்துல, மேகத்துக்கு எதிரே, கருப்பா ஒரு உருவம்தான் தெரியும். அளவையும் நம்பக்கூடாது. பொன் கழுகு சிறகை விரிச்சா ஏறக்குறைய 2 மீட்டர், பஸ்ஸர்டுக்கு 1.2 மீட்டர். புத்தகத்துல பக்கத்துப் பக்கத்துல பார்த்தா பெரிய வித்தியாசம். வெறும் வானத்துல எதை வச்சு அளக்கறது?

அதுக்குத்தான் காக்கா வேணும். ரேவன்னு சொல்ற பெரிய அண்டங்காக்கை, எந்த வேட்டைப் பறவையைக் கண்டாலும் விரட்டும். விரட்டுற ரேவனும் விரட்டு வாங்குறதும் ஒரே சைஸ்னா பஸ்ஸர்ட். ரேவன் பொடிசாத் தெரிஞ்சா, பைனாகுலரைக் கீழே வைக்காதீங்க.

அப்புறம் சிறகு. பொன் கழுகு வட்டமடிக்கும்போது இறக்கையை லேசா மேல தூக்கி, விரிந்த 'வி' மாதிரி வச்சிருக்கும். 1975-ல் ரம் தீவுல மறுபடி கொண்டுவந்து விட ஆரம்பிச்ச வெள்ளைவால் கழுகு அப்படி இல்லை. அது தட்டையா, பறக்கிற கதவுப் பலகை மாதிரி, வாலும் குட்டை. சிக்கல் என்னன்னா பஸ்ஸர்டும் 'வி' போடும்! அதனால 'வி'யை மட்டும் வச்சுத் தீர்ப்பு எழுதக்கூடாது. தலை நல்லா முன்னாடி நீட்டிட்டு இருக்கா, வால் நீளமா, சிறகோட அடி உடம்புகிட்டக் குறுகி நடுவுல புடைச்சிருக்கா, ஏழெட்டு தடவை நிதானமா அடிச்சிட்டு மிதக்குதா? இதெல்லாம் சேர்ந்தாத்தான் பொன் கழுகு. பஸ்ஸர்ட் படபடன்னு அடிக்கும், பூனை மாதிரி கத்தும்.

போன மார்ச்ல மல் தீவு போனோம். ஓபன்ல கப்பல் ஏறி, கிரெய்க்னூர்ல இறங்கி, கிளென் மோர் பள்ளத்தாக்கு. மூணு மணி நேரம் மலை முகட்டையே பார்த்துக்கிட்டு நின்னோம். "மச்சி, குளிர்ல காது கழண்டுடும் போல"ன்னு அறைத்தோழன் புலம்பல் வேற. ஏழு பஸ்ஸர்ட் போச்சு. அப்புறம் முகட்டுக்கு மேல ஒண்ணு, பின்னாடியே ரெண்டு ரேவன், ரெண்டும் அதுல பாதி. அது திரும்பினப்போ சிறகுல வெள்ளைத் திட்டு, வால் அடியும் வெள்ளை, நுனியில கருப்புப் பட்டை. இளசு! முழு வளர்ச்சி நிறம் வர அஞ்சு வருஷம் போல ஆகும், அதுவரைக்கும் இந்த வெள்ளைதான் அடையாளம். தூரத்துலயும் சந்தேகமே வராத ஒரே பொன் கழுகு இதுதான்.

இந்த வயசுக்காரங்கதான் சொந்த இடம் இல்லாம ஊர் ஊரா அலையறதும். 2004 முதல் 2016 வரை ஸ்காட்லாந்துல 131 இளம் பொன் கழுகுகளுக்குச் சாட்டிலைட் கருவி மாட்டினாங்க. அதுல 41 சந்தேகப்படும்படி காணாமப் போச்சுன்னு 2017-ல் வந்த அரசு அறிக்கை சொல்லுது. மூணுல ஒண்ணு! நிறைய மறைஞ்சது குரௌஸ் பறவை வேட்டைக்குன்னு பராமரிக்கிற மேடுகள்ல. குரௌஸைக் கழுகும் தின்னும், அதான் பகை. 2024-ல் ஒரு சட்டம் வந்து அந்த வேட்டைக்கு லைசென்ஸ் கட்டாயம்னு ஆக்கிட்டாங்க.

நாங்க பார்த்தது முகட்டைத் தாண்டிக் கிழக்கே போச்சு. கடலைத் தாண்டினா மெயின்லேண்ட். ரேவன் ரெண்டும் பாதியிலயே திரும்பிடுச்சு.