பார்வைக் குறைபாடு ஒரு கோடிப் பேருக்கா, 28 லட்சம் பேருக்கா?

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 1 கோடியே 6 லட்சம் பேர். அடுத்த ஆண்டே தேசிய மாதிரி ஆய்வு சொன்ன எண்ணிக்கை சுமார் 28 லட்சம். இரண்டுமே அரசின் கணக்குகள். இடையில் யாருக்கும் பார்வை திரும்பிவிடவில்லை. யாரைச் சேர்ப்பது என்ற விதிதான் மாறியது.

ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரையும் கணக்கெடுப்பு சேர்த்துக்கொண்டது. பார்வை மங்கி, கண்ணாடி போட்டால் சரியாகுமா என்று சோதித்தே பார்க்காதவரும் அதில் அடக்கம். மாதிரி ஆய்வோ, நல்ல பகல் வெளிச்சத்தில், கண்ணாடி இருந்தால் அணிந்துகொண்டு, இரு கண்ணையும் திறந்தபடி, மூன்று மீட்டர் தூரத்தில் காட்டும் விரல்களை எண்ண முடியாதவரைத்தான் சேர்த்தது. கை கால் இயக்கக் குறைபாட்டில் நிலைமை தலைகீழ்: கணக்கெடுப்பில் 61 லட்சம், ஆய்வில் 1 கோடியே 6 லட்சம். மொத்தம் 2.19 கோடி, 1.85 கோடி என்று ஓரளவு பக்கத்தில் வருவதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

பதில் சொல்பவரும் முக்கியம். படியேற முடியாத பாட்டியை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவார்கள். வரன் பார்க்கும் பெண்ணுக்குக் காது மந்தம் என்றால் வீட்டார் வாய் திறக்க மாட்டார்கள். அதனால்தான், குறைபாடுகளைக் கணக்கெடுக்கும் முறைகளை வகுக்கும் சர்வதேச வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள் குறைபாடு என்ற பேச்சையே எடுப்பதில்லை. பார்க்க, கேட்க, நடக்க எவ்வளவு சிரமம் என்றே விசாரிக்கின்றன.

வருமானத்திலும் இதே சிக்கல். கூலிக்காரருக்கும் விவசாயிக்கும் நிலையான மாத வருமானம் கிடையாது என்பதால் மாதிரி ஆய்வு செலவைக் கேட்கிறது. 1990களில் சோதனையாக, உணவுச் செலவை 30 நாளுக்குப் பதில் 7 நாளுக்குக் கேட்டார்கள். சொன்ன செலவு கூடியது. அதனால் ஏழைகளின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததுபோல் தெரிந்தது! 1999-2000இல் இரண்டையும் அருகருகே கேட்டதில் ஒரு பதில் மற்றதைப் பாதித்து, பழைய புள்ளிவிவரங்களோடு நேரடியாக ஒப்பிட முடியாமல் போனது.

குறைபாடு, செலவு என்ற இந்த இரண்டு அளவைகளும் சேரும் இடத்தில்தான் அநியாயம் நடக்கிறது. மருந்து, ஆட்டோ, உதவிக்கு ஓர் ஆள் என்று கடன் வாங்கிச் செலவழிக்கும் குடும்பம், செலவுக் கணக்கில் வசதியான குடும்பமாகிவிடுகிறது. 2018 மாற்றுத்திறனாளிகள் ஆய்வு, குறைபாட்டுக்காகக் கையிலிருந்து ஆகும் செலவைத் தனியாகக் கேட்டது. வறுமையை அளக்கும்போதும் அந்தச் செலவைக் கழித்துவிட்டுத்தான் குடும்பத்தை எடைபோட வேண்டும்.