தோப்பும்படியில் தமிழுக்கு மவுசு

எர்ணாகுளத்திலிருந்து பாலங்களைக் கடந்து மேற்குக் கொச்சிக்கு வந்தால் முதலில் எதிர்ப்படுவது தோப்பும்படி. மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் கும்பளங்கிக்கும் சாலைகள் பிரியும் சந்திப்பு. அருகிலேயே மீன்பிடித் துறைமுகம். அங்கே தமிழ் புதிதல்ல. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் வட்டார மீனவர்களின் ஆழ்கடல் படகுகள் பல ஆண்டுகளாக இங்கிருந்துதான் சுறாவும் சூரையும் தேடிப் புறப்படுகின்றன. இப்போது துறைமுகத்துக்கு வெளியிலும், இளைஞர்களின் புத்தகப் பையிலும் செல்போனிலும் தமிழ்நாடு ஏறி உட்கார்ந்திருக்கிறது. புதிது என்றால் அதுதான்.

கேரள இளைஞர்கள் கொண்டாடும் நாவல்களில் ஒன்று அகில் பி. தர்மஜன் 2020ல் எழுதிய 'ராம் கேர் ஆஃப் ஆனந்தி'. விற்பனை லட்சத்தைத் தாண்டிய இந்த நாவலின் களம் சென்னை. சினிமா படிக்க வரும் ஆலப்புழை இளைஞன்தான் நாயகன். 2025ல் இதற்கு சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் அறிவிக்கப்பட்டபோது, "இது இலக்கியமா?" என்று ஒரு தரப்பு கொதித்தது. புத்தகமே தொடாதவர்களைப் படிக்க வைத்த நாவல் என்று மறுதரப்பு மார்தட்டியது.

சினிமாவிலும் இதே கதை. கொச்சியை அடுத்த மஞ்ஞும்மலைச் சேர்ந்த நண்பர்கள் 2006ல் கொடைக்கானல் குணா குகையில் சந்தித்த விபத்துதான் 2024ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' ஆனது. 1991ல் வந்த 'குணா' படத்தின் இளையராஜா பாட்டு உச்சக் காட்சியில் ஒலிக்க, இரு மாநிலத் தியேட்டர்களும் அதிர்ந்தன. தமிழ்நாட்டில் மட்டும் வசூல் ரூ. 50 கோடிக்கு மேல். அதற்கு முன்பே 2015ல் 'பிரேமம்' மொழிமாற்றம் இல்லாமல் சென்னையில் 200 நாட்களைத் தாண்டி ஓடியது. தோப்பும்படிக்குத் தெற்கே காயல் சூழ்ந்த கும்பளங்கியைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தியதும் 2019ல் வந்த 'கும்பளங்கி நைட்ஸ்' படம்தான்.

நாக்கு மட்டும் அரபு நாட்டுப் பக்கம் சாய்கிறது. மட்டாஞ்சேரி பிரியாணியின் புகழ் மங்கவில்லை என்றாலும் இளசுகள் கூட்டமாகச் சேர்ந்தால் கேட்பது குழிமந்தி. மண்ணில் தோண்டிய குழி அடுப்பின் தணலில் அரிசியையும் இறைச்சியையும் இறக்கி, மூடிவைத்து வேகவிடும் ஏமன் நாட்டுச் சமையல். வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்களின் வழியே வந்து சேர்ந்தது. தாகத்துக்கு, எலுமிச்சையும் பச்சை மிளகாயும் போட்டுக் குலுக்கித் தரும் குலுக்கி சர்பத்.

இசையில் தலைமுறை இடைவெளி வெளிப்படை. 1981ல் மறைந்த கொச்சிப் பாடகர் மெஹ்பூபின் பாட்டுகளை மூத்தவர்கள் இன்றும் உருகிக் கேட்கிறார்கள். இளையவர்களின் காதில் ராப். மலப்புரத்தில் பிறந்த ஹனுமான்கைண்ட் 2024ல் பொன்னானியின் மரணக் கிணற்றுக்குள் படமாக்கிய 'பிக் டாக்ஸ்' ஆங்கிலப் பாட்டு உலகையே சுற்றி வந்தது. ஓவியமும் சிற்பமும் பணக்காரர் சமாச்சாரம் என்ற எண்ணத்தை 2012ல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே உடைத்தது. 2014 முதல் அதனுடன் நடக்கும் மாணவர் பினாலே மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளில் இடம் பிடித்தது. மிளகும் இஞ்சியும் மணத்த வட்டாரத்தில் கல்லூரி மாணவர்களின் படைப்புகள்.

இந்த ரசனைகளில் படமும் பாட்டும் எல்லையைத் தாண்ட அதிக நாள் பிடிப்பதில்லை. வசனம் புரியாவிட்டால் திரையின் அடியில் எழுத்து ஓடுகிறது. புத்தகத்துக்கு அந்த வசதி இல்லை. யாராவது மாதக்கணக்கில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாக வேண்டும். 1956ல் வெளிவந்த தகழியின் 'செம்மீன்' சுந்தர ராமசாமியின் தமிழில் வந்தது 1962ல். 'திருடன் மணியன்பிள்ளை'யைத் தமிழுக்குத் தந்த குளச்சல் மு. யூசுப் 2018ல் சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். இருவருமே தூத்தூர் மீனவர்களின் அதே குமரி மாவட்டத்துக்காரர்கள்.

இரண்டு மொழியும் புழங்கும் அந்த எல்லை மண்தான் இந்தப் பாலத்தை இத்தனை காலம் தாங்கியிருக்கிறது. கொச்சி இளைஞன் சென்னைக் கதையை மலையாளத்தில் படித்துவிட்டான். அவனுடைய கொச்சிக் கதைகளைச் சென்னை இளைஞன் தமிழில் படிக்க வேண்டுமானால், சப்டைட்டிலோடு திருப்தி அடையாமல் மலையாள எழுத்தையும் கற்றுக்கொள்ளும் அடுத்த யூசுப்கள் வர வேண்டும்.